இதழியல் படித்தவர்களுக்குக் கடற்கரையில் வேலை இருக்கிறது

துறைமுகங்களில் ஏற்றும் புயல் எச்சரிக்கைக் கூண்டுகள் மொத்தம் பதினொன்று. 1-ஆம் எண் என்றால் தொலைவில் எங்கோ காற்றழுத்தத் தாழ்வு மண்டலம் உருவாகியிருக்கிறது. பொதுவாக எண் ஏற ஏற ஆபத்து நெருங்குகிறது. 8, 9, 10 மூன்றும் பெரும் அபாயம். தொலைக்காட்சி பார்ப்பவர்களுக்கு இவ்வளவும் தெரிந்ததுதான். 11-ஆம் எண் கூண்டு காற்றின் வேகத்தைச் சொல்வதில்லை. வானிலை மையத்தோடு தகவல் தொடர்பு அறுந்துவிட்டது, மோசமான வானிலை வருவதாகத் துறைமுக அதிகாரி கருதுகிறார் என்று அறிவிக்கும் கூண்டு அது. வரிசையின் கடைசியில், பெரும் அபாயங்களையும் தாண்டி, செய்தி வந்து சேராத நிலையை வைத்திருக்கிறார்கள்.

இதழியல் வகுப்பில் இந்தக் கூண்டைப் பற்றி யாரும் பேசவில்லை. கரைக்கு வந்த பிறகு தெரிந்துகொண்டேன்.

நான் பரமக்குடிக்காரி. வீட்டில் தறி. கடலைப் பார்த்ததெல்லாம் ஆடி அமாவாசைக்கு ராமேஸ்வரம் போகும்போதுதான். இதழியலிலும் தகவல் தொடர்பியலிலும் முதுகலை முடித்ததும் உடன் படித்தவர்கள் சென்னைக்குப் போனார்கள். செய்தித் தொலைக்காட்சியில் டெஸ்க், டிஜிட்டல் மார்க்கெட்டிங், சினிமா விளம்பரம், யூடியூப் சேனலுக்கு எடிட்டிங் என்று ஆளுக்கொரு வேலை. நான் ராமநாதபுரம் மாவட்டக் கரையில் ஒரு தொண்டு நிறுவனத்தின் தகவல் மையத்தில் சேர்ந்தேன். அன்றாடம் வரும் கடல்நிலை அறிக்கையை மீனவர்களுக்குப் பயன்படும்படி எழுதி, என் குரலில் பதிவு செய்து, அவர்களுடைய கைபேசிக்கு அனுப்புவது வேலை. சம்பளப் பட்டியலில் என் பதவி ‘களப் பணியாளர்’. நான் படித்த படிப்புக்கும் அந்தப் பெயருக்கும் உள்ள தொடர்பு வெளியே யாருக்கும் தெரியாது. உறவினர்கள் இன்றும் எந்த டிவியில் வருகிறாய் என்றுதான் கேட்கிறார்கள்.

இந்த வேலை எனக்கு உயிர். எனக்கு இது தற்செயலாகக் கிடைத்தது. அடுத்து வருபவர்களுக்கு அப்படி இருக்கக் கூடாது. படித்துவிட்டுத் தேடிச் சேரும் தொழிலாக இது மாற வேண்டும், அதற்குப் பதவியும் ஊதியமும் வேண்டும் என்பதற்காக எழுதுகிறேன்.

வேலை என்னவென்று கொஞ்சம் விரிவாகச் சொன்னால்தான் நான் கேட்பது புரியும்.

பாம்பன் தீவுக்கு இரண்டு பக்கமும் கடல். வடக்கே பாக் நீரிணை. மக்கள் வாயில் அது வடகடல். தெற்கே மன்னார் வளைகுடா, அது தென்கடல். தென்மேற்குப் பருவக்காற்றுக் காலத்தில் தென்கடல் கொந்தளிக்கும், வடகடல் அடங்கிக் கிடக்கும். ஐப்பசியில் வாடைக்காற்று எழுந்ததும் நிலைமை மாறிவிடும். பல ஊர்களில் நாட்டுப்படகுகள் பருவத்துக்குப் பருவம் ஒரு பக்கத்திலிருந்து மறுபக்கத்துக்கு இடம் மாறுவது இதனால்தான். இப்படிப்பட்ட ஊருக்கு ‘தென்தமிழகக் கடலோரப் பகுதிகளில் பலத்த காற்று வீசக்கூடும்’ என்று ஒற்றை வரி போனால் கேட்பவர் என்ன செய்வார்? தன் வீட்டு வாசலில் இருக்கும் கடலைப் பார்ப்பார். அது அமைதியாக இருக்கும். அறிக்கை பொய் என்று முடிவு கட்டிவிட்டுத் தொழிலுக்குக் கிளம்புவார். அறிக்கையில் பொய் எதுவும் இல்லை. அவர் நிற்கும் கரையிலிருந்து யோசித்து அதை யாரும் எழுதவில்லை, அவ்வளவுதான்.

அலை உயரத்தில் சிக்கல் இன்னும் பெரிது. அலை 3 மீட்டர் என்று அறிக்கை சொன்னால், எழும் அலைகளிலேயே பெரியது 3 மீட்டர் என்று படித்தவர்கள்கூட எடுத்துக்கொள்கிறார்கள். கடலியலில் அந்த எண்ணுக்குக் கணக்கு வேறு. ஒரு குறிப்பிட்ட நேரத்துக்குள் எழும் அலைகளில் உயரமான மூன்றில் ஒரு பங்கை மட்டும் எடுத்து, அவற்றின் சராசரியைச் சொல்கிறார்கள். தனி அலை ஒன்று அதைப்போல ஏறத்தாழ இரண்டு மடங்கு எழ முடியும். 3 மீட்டரைச் சமாளித்துவிடலாம் என்று ஃபைபர் படகில் கிளம்புகிறவர் 5 மீட்டருக்கு மேற்பட்ட அலையின் முன்னால் நிற்க நேரலாம். இது இன்காய்ஸ் என்று அழைக்கப்படும் ஹைதராபாத் கடல் தகவல் மையத்தின் அறிவியலாளர்களுக்குப் பால பாடம். மீனவருக்கு அனுபவத்தில் தெரியும். இருவருக்கும் நடுவில் அந்த எண்ணை எடுத்துக்கொண்டு போகும் ஆளுக்குத் தெரியாவிட்டால் இரண்டு அறிவும் சந்திக்காமலே போய்விடும். நாங்கள் இப்போது ‘ரெண்டாள் மட்டத்துக்கு அலை இருக்கும், இடையில் ஒன்றிரண்டு அதைப்போல ரெட்டிப்பா வரும்’ என்று சொல்கிறோம்.

ஒரு செய்தியை எப்படித் தொடங்குவது என்பதை எனக்குக் கற்றுக்கொடுத்தவர் ஒரு மூத்த சம்மாட்டி, அதாவது படகு உடைமையாளர். வேலையில் சேர்ந்த புதிதில், எங்கள் குரல்பதிவுகள் எப்படி இருக்கின்றன என்று கேட்டு அவரிடம் போயிருந்தேன். “காத்து எத்தன கிலோமீட்டர்னு சொல்றத்தா, சரி. நான் வலையப் போட்டுட்டு நிக்கிறேன். இப்ப இழுக்கவா, விடியவிட்டு இழுக்கவா? அதச் சொல்லு” என்றார். காற்றின் வேகம் அவருக்குத் தேவைப்படாமல் இல்லை. ஆனால் அவர் அந்த நேரத்தில் எடுக்க வேண்டிய முடிவு வலையைப் பற்றியது. வலை போனால் கடன் ஏறும். வலைக்காகக் காத்திருந்தால் உயிருக்கு ஆபத்து. அந்த முடிவுக்கு உதவாத தகவலை அவர் தகவலாகவே எண்ணவில்லை.

செய்தியின் முதல் வாக்கியம் எதை எந்த நேரத்துக்குள் செய்ய வேண்டும் என்பதாக இருக்க வேண்டுமென்று அதற்குப் பிறகு வைத்துக்கொண்டோம். தென்கடலில் கிடக்கும் வலையை ராத்திரி பத்து மணிக்குள் எடுத்துவிடுங்கள். அப்புறம் எந்தக் கடல், எந்தப் பக்கத்துக் காற்று. வாடை, கொண்டல், கச்சான் என்று அவர்கள் சொல்லும் பெயரிலேயே சொல்வோம். பாகைக் கணக்கு எங்களோடு நின்றுவிடும். பிறகு அலை. முடிவில், அடுத்த தகவல் எத்தனை மணிக்கு வரும் என்பது. எல்லாம் ஒரு நிமிடத்துக்குள் முடிய வேண்டும், இன்ஜின் சத்தத்துக்கு நடுவே கேட்கிறார்கள். அனுப்புவதற்கு முன்னால் கரையில் ஒருவருக்குப் போட்டுக் காட்டி, என்ன புரிந்தது என்று திருப்பிச் சொல்லச் சொல்வேன். அவர் சொல்வதும் நான் எழுதியதும் வேறுபட்டால் மறுபடி எழுதுவேன்.

கடலுக்குப் போகாதே என்று தடுக்கும் அதிகாரம் எங்களுக்கில்லை. அது மீன்வளத்துறையின் கையில் இருக்கிறது. எச்சரிக்கை வந்தால் விசைப்படகுகளுக்குக் கடலுக்குப் போவதற்கான அனுமதி டோக்கன் கொடுக்க மாட்டார்கள். ஒரு நாள் டோக்கன் இல்லையென்றால் படகிலிருக்கும் அத்தனை பேருக்கும் அன்றைய கூலி இல்லை, ஐஸ் கம்பெனியிலும் மீன் ஏலக்கூடத்திலும் வேலை இல்லை. சொன்ன காற்று வராமல் போனால் அந்த இழப்பு முழுவதும் கோபமாகத் திரும்பும். முன்னறிவிப்பு என்பதே வாய்ப்பைச் சொல்வது, சில நேரம் புயல் பாதை மாறிப் போகும். இதை அலுவலகத்தில் உட்கார்ந்து விளக்கிப் பயனில்லை. காற்று வராத மறுநாள் காலையில் மீன் இறங்குதளத்துக்குப் போய், எதனால் அப்படிச் சொன்னார்கள், காற்று எங்கே திரும்பியது என்று வரைபடத்தைக் கைபேசியில் காட்டிப் பேச வேண்டும். திட்டு வாங்க வேண்டியிருக்கும். அந்தக் காலை நேரத்துப் பேச்சுதான் அடுத்த எச்சரிக்கைக்குக் காது கொடுக்க வைக்கிறது. இந்தத் தீவில் 1964 டிசம்பர் புயலையும் அதில் அழிந்த தனுஷ்கோடியையும் நினைவில் வைத்திருக்கும் முதியவர்கள் உண்டு. எச்சரிக்கையின் அருமை அவர்களுக்குச் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. சொல்கிற ஆள் யார் என்பதைத்தான் பார்க்கிறார்கள்.

பெண்களிடம் செய்தி போய்ச் சேர்வது தனி வேலை. மன்னார் வளைகுடாத் தீவுகளைச் சுற்றிக் கடலுக்குள் மூழ்கிப் பாசி எடுக்கும் பெண்கள் இங்கே நிறைய இருக்கிறார்கள். மீனவர் பட்டியலைத் தயாரித்தபோது வீட்டுக்கு ஒரு எண் வாங்கினார்கள், அது ஆண்களின் எண்ணாக இருந்தது. செய்தி அவர்களோடு கடலுக்குப் போய்விடும், பாசிக்குப் போகும் அக்காவுக்குத் தெரியாது. வீடுவீடாகப் போய்ப் பெண்களின் எண்களைத் தனியாகச் சேர்த்தோம். போன் இல்லாதவர்களுக்கு யார் மூலம் சொல்வது என்று தெருவுக்கு ஒருவரைப் பிடித்தோம். தகவல் தொடர்பியலில் நான் செய்த பணிகளில் இதைத்தான் சிறந்ததாகக் கருதுகிறேன். இதில் கேமரா இல்லை, எழுத்துகூட இல்லை.

செய்தி எட்டினால் என்ன ஆகும், எட்டாவிட்டால் என்ன ஆகும் என்பதற்கு நம் கரையிலேயே இரண்டு சாட்சிகள் இருக்கின்றன.

புதுச்சேரிப் பகுதியில் எம்.எஸ்.சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனம் 1998-இல் கிராம அறிவு மையங்களைத் தொடங்கியது. வீராம்பட்டினத்தில் அமெரிக்கக் கடற்படையின் இணையதளத்திலிருந்து அலை உயர விவரத்தை எடுத்து, மீனவர்களுக்கு ஒலிபெருக்கியில் அறிவித்தார்கள். நல்லவாட்டிலும் அப்படி ஒரு மையம் இருந்தது. 2004 டிசம்பர் 26 காலையில் சிங்கப்பூரில் வேலை பார்த்த அவ்வூர் இளைஞர் ஒருவர் சுனாமிச் செய்தி அறிந்து ஊருக்குப் போன் செய்தார். மையத்தின் ஒலிபெருக்கியில் அறிவிப்பு போனது. மூவாயிரத்துக்கும் மேற்பட்டவர்கள் வாழ்ந்த ஊர் கரையை விட்டு வெளியேறித் தப்பியது. அன்றைக்குச் சுனாமிக்கென்று இந்தியாவில் எச்சரிக்கை மையமே கிடையாது. அது 2007-இல்தான் வந்தது. நல்லவாட்டில் இருந்தவை ஒரு போன், ஒரு ஒலிபெருக்கி, அந்த ஒலிபெருக்கியில் வரும் குரலை நம்பிப் பழகிய மக்கள். மூன்றாவது ஒரே நாளில் உண்டாகக்கூடியதல்ல. தினமும் அலை உயரம் சொல்லிச் சொல்லி வளர்ந்த நம்பிக்கை அது.

மற்றது ஒக்கி புயல். 2017 நவம்பர் கடைசியில் கன்னியாகுமரிக்குத் தெற்கே அது மிக வேகமாக வலுப்பெற்றது. தூத்தூர் வட்டாரத்து ஆழ்கடல் மீனவர்கள் வாரக்கணக்கில் கடலில் தங்குபவர்கள். எச்சரிக்கை வெளியானபோது அவர்கள் ஏற்கெனவே கரையிலிருந்து வெகுதூரம் போயிருந்தார்கள். வி.எச்.எஃப் கருவி அந்தத் தூரத்துக்கு எட்டாது, கைபேசி எட்டவே எட்டாது. தமிழ்நாடு, கேரளம் இரண்டிலும் சேர்த்து இருநூறுக்கும் மேற்பட்டவர்கள் திரும்பி வரவில்லை. அதன் பிறகு செயற்கைக்கோள் வழியாக ஆழ்கடலுக்கே எச்சரிக்கை அனுப்பும் ஜெமினி கருவியை 2019-இல் கொண்டுவந்தார்கள். ஃபிஷர் ஃபிரெண்ட் போன்ற செயலிகள் இருக்கின்றன. 2023-இல் எல்லோருடைய கைபேசியிலும் ஒரே நேரத்தில் அபாய ஒலி எழுப்பும் சோதனை நடந்தது. கருவிகள் வந்துவிட்டன, மகிழ்ச்சி. அவற்றின் வழியாகத் திரையில் தெரியப்போகும் இரண்டு வரியை யார் எழுதுவது? இரவு இரண்டு மணிக்கு, தூக்கக் கலக்கத்தில், ஆடும் படகில் அதைப் படிப்பவர் என்ன செய்வார் என்று யோசித்து எழுத ஒரு ஆள் வேண்டும். அந்த ஆளுக்கு நம் அரசுப் பணியிடங்களில் இடம் இல்லை.

மாவட்டந்தோறும் செய்தி மக்கள் தொடர்பு அலுவலகம் இருக்கிறது. அமைச்சர் நிகழ்ச்சி, ஆட்சியர் ஆய்வு, நலத்திட்ட விழா ஆகியவற்றுக்குச் செய்திக்குறிப்பு எழுதவே அவர்களுக்கு நேரம் சரியாகிவிடுகிறது. பேரிடர் மேலாண்மைப் பிரிவில் வருவாய்த் துறையினர் இருக்கிறார்கள், புயல் நேரத்தில் அவர்கள் படும் பாடு எனக்குத் தெரியும். நிவாரண முகாமையும் படகு எண்ணிக்கையையும் பார்த்துக்கொண்டே அவர்கள் செய்தியையும் எழுத வேண்டியிருக்கிறது. தமிழ்நாட்டில் கடலோர மாவட்டங்கள் 14. மாவட்டத்துக்கு ஒருவர் என்று வைத்தாலும் பதினான்கு பணியிடங்கள். கடலோரக் கிராமங்களில் ஆண்டு முழுவதும் நடமாடும், புயல் வரும்போது ஆட்சியர் அலுவலகத்தில் உட்கார்ந்து எழுதும் பதினான்கு பேர். ஒரு மாநில அரசுக்கு இது செலவே அல்ல.

இந்த வேலையைச் ‘சேவை’ என்று அழைத்துச் சம்பளத்தைக் குறைக்கும் வழக்கத்தை நான் எதிர்க்கிறேன். தொண்டு நிறுவனத் திட்டம் மூன்று ஆண்டுக்கு வரும், பணம் முடிந்ததும் ஆளும் போய்விடுவார். அவரோடு அந்த ஊரின் நம்பிக்கையும் போய்விடும். அடுத்து வருபவர் முதலிலிருந்து தொடங்க வேண்டும். சமுதாய வானொலிகளின் கதையும் இதுதான். அலைவரிசை பொதுச்சொத்து என்று உச்ச நீதிமன்றம் 1995-இல் சொன்னது. 2004-இல் அண்ணா பல்கலைக்கழகத்தில் நாட்டின் முதல் வளாகச் சமுதாய வானொலி தொடங்கியது. 2006-இல் தொண்டு நிறுவனங்களுக்கும் அனுமதி கிடைத்தது. பாம்பனில் 2016 முதல் கடல் ஓசை மீனவர்களுக்காகவே ஒலிக்கிறது. தெலங்கானாவில் சங்கம் ரேடியோவைத் தலித் பெண்கள் 2008 முதல் நடத்துகிறார்கள். இந்த நிலையங்களுக்கு 100 வாட் ஆற்றலில், சுமார் 10 கிலோமீட்டர் தொலைவுக்குத்தான் ஒலிபரப்ப அனுமதி. அரசு விளம்பரக் கட்டணத்தை 2024-இல் உயர்த்திய பிறகும் 10 விநாடிக்கு 74 ரூபாய். இந்த வருமானத்தில் ஒரு முதுகலைப் பட்டதாரிக்கு எத்தனை ஆண்டு சம்பளம் கொடுக்க முடியும்?

நான் கடலைப் பற்றிப் பேசுவது எனக்குத் தெரிந்தது அது என்பதால். இதே வேலை மற்ற இடங்களிலும் உண்டு. மதுரை அரவிந்த் கண் மருத்துவமனையில் நோயாளிகளிடம் கண்புரை அறுவை சிகிச்சை என்ன, எந்த லென்ஸுக்கு எவ்வளவு, எப்போது வேலைக்குத் திரும்பலாம் என்று உட்கார்ந்து பேசுவதற்கென்றே ஆலோசகர்கள் இருக்கிறார்கள். அதுவும் தகவல் தொடர்பு வேலைதான். மருத்துவர் நேரம் மிச்சமாகிறது, பயந்து ஓடிப்போகிற நோயாளி தங்குகிறார். மின்வாரியம், குடிநீர் வாரியம், நீதிமன்றம், பயிர்க் காப்பீடு என்று மக்கள் தலையும் வாலும் புரியாமல் நிற்கும் இடங்கள் எல்லாவற்றிலும் இந்த வேலை காத்துக் கிடக்கிறது. சென்னை வானிலை மையத்தில் எஸ்.ஆர்.ரமணன் இருந்தபோது ஒரு தமிழ்க் குரலுக்கு நாடே எப்படிச் செவிசாய்த்தது என்பதைப் பார்த்தோம். பள்ளிக் குழந்தைகளுக்குக்கூட அவர் பெயர் தெரியும். அவர் 2016-இல் ஓய்வு பெற்றார். அப்படி ஒருவர் வாய்ப்பது நல்லூழ் என்று இருந்துவிடாமல், அந்தத் திறனைப் பயிற்சியால் உருவாக்குவது பல்கலைக்கழகங்களின் பொறுப்பு.

எங்கள் பாடத்திட்டத்தில் செய்தி எழுத, படம் பிடிக்க, வெட்டி ஒட்ட, விளம்பர வாசகம் எழுதச் சொல்லிக்கொடுத்தார்கள். அவை வீண்போகவில்லை, ஒலிப்பதிவு நுட்பம் எனக்கு இன்றும் சோறு போடுகிறது. ஆனால் ஒரு அறிவியல் அறிக்கையைப் படித்து அதிலுள்ள எண் எதைக் குறிக்கிறது என்று கேட்கும் பழக்கத்தை யாரும் தரவில்லை. கேட்பவரிடம் திரும்பிப் போய், என்ன செய்தீர்கள் என்று விசாரிக்கும் பழக்கத்தையும் தரவில்லை. பார்வைகளையும் லைக்குகளையும் எண்ணக் கற்றோம். எச்சரிக்கை போன மறுநாள் காலையில் கரையேற்றிக் கட்டிய படகுகளை எண்ணும் அளவுகோலை நான் இங்கே வந்துதான் கற்றேன். புள்ளியியலில் ஒரு தாள், உள்ளூர்ப் பேச்சு வழக்கைக் கேட்டுப் பதிவு செய்வதில் ஒரு தாள், ஏதாவது ஒரு துறையின் களத்தில் ஒரு பருவம் முழுக்க இருப்பது. இவ்வளவுதான் என் கோரிக்கை.

இந்தக் களப் பயிற்சியின் காலத்தைப் பற்றித் துறைத்தலைவர்களிடம் ஒன்று சொல்ல வேண்டும். இப்போதும் சில கல்லூரிகள் மாணவர்களைக் கரைக்கு அனுப்புகின்றன. பருவத்தேர்வு முடிந்த மே மாத விடுமுறையில் அனுப்புகின்றன. ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை கிழக்குக் கரையில் மீன்பிடித் தடைக்காலம். விசைப்படகுகள் கரையில் கிடக்கும், ஆட்கள் படகுக்கு வர்ணம் அடித்துக்கொண்டும் வலை பழுது பார்த்துக்கொண்டும் இருப்பார்கள். மாணவர்கள் நல்ல புகைப்படங்களோடு திரும்பிப் போகிறார்கள். எச்சரிக்கை என்ற ஒன்று உருவாகி, எழுதப்பட்டு, போய்ச் சேர்ந்து, நம்பப்பட்டோ நம்பப்படாமலோ போவதை அவர்கள் பார்ப்பதே இல்லை. அக்டோபர் முதல் டிசம்பர் வரை அனுப்புங்கள். நவம்பரில் தேர்வு வருகிறது என்பது எனக்குத் தெரியும். தேர்வு நாட்களை மாற்ற முடியாதென்றால், இரண்டாம் ஆண்டில் ஒரு பருவத்தைக் களத்துக்கு ஒதுக்கிவிட்டு, அந்தப் பருவத்துக்கான மதிப்பெண்ணைக் களத்தில் போடுங்கள். டோக்கன் கொடுக்கும் நேரத்துக்கு மாணவர்கள் இறங்குதளத்தில் இருக்க வேண்டும். தங்க இடமும் சொல்லிக்கொடுக்க ஆட்களும் எங்கள் ஊர்களில் உண்டு.